சின்ன முதலாளியின் சாட்சியம்

அத்தியாயம் 9

பம்ப்செட் ரூமின் கதவு பெயர்ந்து கிடந்தது. உள்ளே சுவரில் ஒரு கை ரத்தத்தோடு வழுக்கி இறங்கிய தடம். தரையில் கிடந்த ரத்தம் இன்னும் காயவில்லை.

காசிராஜனின் உதவியாள் பானுப்பிரியா பைக்கை வேலியில் சாய்த்துவிட்டு ஓடி வந்தாள். பின்னாலேயே அவரும் வந்தார். இருபத்திரண்டு வருஷம் தீயணைப்புத் துறையில் இருந்துவிட்டு, இப்போது விருதுநகர் பஜாரில் ஒரு பருத்திக் கமிஷன் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் நடத்துகிற மனிதர். எதற்கும் ஓடமாட்டார். வேலை நாட்களில் மணி அடித்தால் ஓடிய ஓட்டமே ஏழு ஜென்மத்துக்குப் போதும் என்பார்.

இன்று அவரும் ஓடித்தான் வந்தார்.

கிணற்று மேட்டில் முத்துச்செல்வி உட்கார்ந்திருந்தாள். இடது முன்கை நடுவில் ஒடிந்து, கோணலாகத் தொங்கியது. அவள் அழவில்லை. அந்தக் கையை மடியில் வைத்து மற்றக் கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கூட்டிட்டுப் போயிட்டாக அண்ணாச்சி. பெத்தணன் மாமாவும் பத்துப் பேரும். உள்ள ஒளிஞ்சிருந்த எங்க வீட்டுக்காரக தோள்ல ஒரு வெட்டு வெட்டி, டாடா ஏஸ்ல தூக்கிப் போட்டுக்கிட்டு... நான் மறிச்சேன். கம்பால அடிச்சுட்டாக."

"எங்கன கொண்டு போறாக?"

"கம்பெனிக்கு. 'எம் மவன் செத்த குழியில, எம் மவன் செத்த நேரத்துல ஒம் புருசன வெட்டிப் போடுதேன், வந்து அள்ளிக்கோ'ன்னு சொல்லிட்டுப் போனாரு."

செத்த நேரம் என்றால் பதினொன்று நாற்பது. பானுப்பிரியா கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து ஐம்பது.

மூன்று நாளைக்கு முன்னால், வெள்ளிக்கிழமை, அச்சங்குளத்தில் செம்பருந்து பயர் ஒர்க்ஸின் ஆறாம் நம்பர் ரூம் வெடித்தது. நான்கு பேர் இறந்தார்கள். மூன்று பேர் அந்த ரூமில் பட்டாசுக் குழல்களில் வெடிமருந்து செலுத்துகிறவர்கள். நான்காவது ஆள் அருள்பாண்டி, இருபத்து நான்கு வயது, போர்மேனுக்கு உதவியாள். பெத்தணனுக்கு ஒரே மகன்.

கொன்றது முத்துச்செல்வியின் புருஷன், போர்மேன் மாரீஸ்வரன்தான் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. அதற்கு இரண்டு காரணம். ஒன்று, ஆலையின் கம்ப்யூட்டர் தந்த அறிக்கை: 'வெப்பம் அளவைத் தாண்டிவிட்டது, வேலையை நிறுத்துங்கள் என்று எச்சரித்தேன். போர்மேன், வேலை நடக்கட்டும் என்றார்.' இன்னொன்று திருநீற்றுத் தட்டு. பட்டாசு ஆலைக்குள் சூடம் ஏற்ற முடியாது. ஆகவே அங்கே வெள்ளிக்கிழமைப் பூஜை நெருப்பில்லாத பூஜை. பதினொரு மணிக்குப் போர்மேன் தட்டில் திருநீறும் பூவும் மட்டும் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு ரூம் ரூமாகப் போய் எல்லார் நெற்றியிலும் இட்டு வருவார். ஆறாம் ரூமுக்குப் போகும்போது எப்போதும் பதினொன்று நாற்பது ஆகியிருக்கும். எட்டு வருஷமாகத் தட்டெடுத்த மாரீஸ்வரன் அன்றைக்கு மட்டும் எடுக்கவில்லை. அருள்பாண்டி கையில் கொடுத்து அனுப்பினார்.

வெடிக்கும் என்று தெரிந்துதான் அனுப்பினான் என்றார் பெத்தணன். பெற்றவருக்கு வேறு எப்படித் தோன்றும்?

"தாயி, அந்தத் தட்டு விசயத்த இன்னொரு தடவை சொல்லு," என்றார் காசிராஜன். பேசிக்கொண்டே தன் துண்டைக் கிழித்து, இரண்டு மூங்கில் சிம்பு வைத்து அவள் கையைக் கட்டினார்.

"வியாழக்கெளமை ராத்திரி அவுக சித்தப்பா மகனுக்கு ஆம்பளப் புள்ள பெறந்துச்சு. பங்காளித் தீட்டு. தட்டத் தொடலாமா? அதான் காலையில எட்டு மணிக்கு, எல்லார் முன்னாலயும் சொல்லித்தான் அந்தத் தம்பி கையில குடுத்தாக."

"நாளைக்கு ஏதோ விசாரணைன்னியே?"

"போன வருசம் இதே கம்பெனியில ரெண்டு பொம்பளைக செத்தாகல்ல, அது. எங்க வீட்டுக்காரக மட்டுந்தான் சாட்சி. உள்ளதச் சொல்லப் போறேன்னாக. என்ன உள்ளதுன்னு எங்கிட்டயும் சொல்லல." முத்துச்செல்வி ஒடிந்த கையோடு எழுந்து நின்றாள். "அண்ணாச்சி, பேசிக்கிட்டு நிக்காதீக. போங்க. அவுகளக் கொண்டாந்து சேத்துருங்க."

வெம்பக்கோட்டையிலிருந்து அச்சங்குளத்துக்குப் பைக் பறந்தது. ரோட்டில் பாதி குழி, மீதி வேகத்தடை. பானுப்பிரியா இரண்டையும் மதிக்கவில்லை.

"அந்தக் கம்ப்யூட்டரு என்னதும்மா? எனக்குப் புரியுற மாதிரிச் சொல்லு," என்று பின்னாலிருந்து கத்தினார் காசிராஜன்.

"கேட்டா லீவு லெட்டர் எழுதித் தரும், மாமியாருக்கு வாழ்த்து எழுதித் தரும், பேசுற எந்திரம் இருக்குல்ல அண்ணாச்சி, அதே ரகந்தான். இது ஆலைக்கு இரட்டைப் பிள்ளை. எந்த ரூம்ல எம்புட்டுச் சூடு, எம்புட்டு ஈரம், யாரு உள்ள இருக்கா, எல்லாத்தையும் அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்க வார்த்தையா எழுதி அதுக்குள்ள ஊட்டுவாக. அது இந்த ஆலை மாதிரியே ஒரு ஆலையைத் தன் மண்டைக்குள்ள நடத்தும். 'நாளைக்கு ரெண்டு மணிக்கு மூணாம் ரூம்ல வேலை செஞ்சா என்ன ஆகும்?'னு கேட்டா, அங்கன செஞ்சு பாத்துட்டு இங்கன பதில் சொல்லும். கம்பத்துல குழாய் கட்டி அது வழியா எல்லாரையும் அதட்டும். அதான் வேலை செய்யுறவுக அதுக்குச் 'சின்ன மொதலாளி'ன்னு பேரு வச்சிருக்காக."

"அது கண்ணால பார்க்குமா, படிக்குமா?"

"படிக்கும். கண்ணு கெடையாது. எழுதிக் குடுத்தா நம்பும்."

"அப்ப அது பொய் சொல்லாது. நாமதான் அதுகிட்டப் பொய் சொல்லணும்," என்றார் காசிராஜன்.

"உங்கள மாதிரியே அண்ணாச்சி. போன மாசம் சம்பளம் போட்டாச்சுன்னு நானே எழுதிக் காமிச்சா நம்பிருவீக போல."

ஆலை வாசலில் காவலுக்கு நின்ற ஏட்டு ஒற்றை ஆள். போனில் படை கேட்டுக்கொண்டிருந்தார். சாத்தூரிலிருந்து வந்து சேர அரை மணி நேரமாகும். மணி பதினொன்று பதினைந்து. அரை மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

செல்போனை வாசல் பெட்டியில் போட்டுவிட்டு, செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பில் இருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டு உள்ளே போனார்கள். அது அந்த ஆலையின் சட்டம். கொலை செய்ய வந்த பத்துப் பேரும்கூட அந்தப் பெட்டியில் ஒழுங்காகப் போனைப் போட்டுவிட்டுத்தான் போயிருந்தார்கள்.

ஆறாம் ரூம் இருந்த இடத்தில் கருகிய குழி. வாசலோரத்துச் சுவரில் ஆளுயரத் துண்டு ஒன்று மட்டும் நின்றது. மாரீஸ்வரனைக் குழிக்குள் முழங்காலில் நிறுத்தியிருந்தார்கள். சணல் கயிற்றால் கட்டிய கை. வலது தோள் பிளந்து சட்டை முழுக்க நனைந்திருந்தது. ஒரு கண் வீங்கி மூடிவிட்டது. முன்னால் இரண்டு பல் மண்ணில் கிடந்தன.

பெத்தணன் அவர் பின்னால் அருவாளோடு நின்றார். கரிசக்காட்டில் உழுது காய்ந்த உடம்பு. மூன்று நாளாகத் தூங்காத கண்.

"கிட்ட வராதீக அண்ணாச்சி. உங்களுக்கும் எனக்கும் பகை கெடையாது."

"நான் தடுக்க வரல பெத்தணன். மணி கேட்க வந்தேன். நீங்க சொன்ன நேரம் எத்தனை?"

"பதினொண்ணு நாப்பது."

"இன்னும் இருவத்தி மூணு நிமிசம் இருக்கு. அதுக்கு முந்தி அருவா எறங்கினா, செத்துப்போன மவன் பேரால சொன்ன வார்த்தை பொய்யாப் போகும். அதுவரைக்கும் நான் ஆபீஸ்ல ரெண்டு கேள்வி கேட்டுக்கிடுதேன்."

பெத்தணன் அருவாளைக் கொஞ்சம் தாழ்த்தினார். பக்கத்தில் நின்ற ஒருவன் அதற்குள் மாரீஸ்வரனின் விலாவில் எட்டி உதைத்தான். எலும்பு முறிந்தது பானுப்பிரியாவின் காதில் விழுந்தது. அவனைப் பாய்ந்து அடிக்கலாம் என்று கூட நினைத்தாள். காசிராஜன் அவள் முழங்கையைத் தொட்டு நகர்த்தினார்.

நகரும்போதுதான் அந்தச் சுவர்த் துண்டை அவள் பார்த்தாள். மார்பு உயரத்தில் நான்கு புதுத் துளை, திருகாணி போட்ட துளை. ஒவ்வொன்றிலும் உருகிய இரும்பு மிச்சம். அடுத்த ரூமின் திறந்த வாசல் வழியே எட்டிப் பார்த்தாள். சூடு பார்க்கும் பெட்டி அங்கே உள்ளே, பின்சுவரில் மாட்டியிருந்தது. அதற்கடுத்த ரூமிலும் பின்சுவர்தான்.

"அண்ணாச்சி, எல்லா ரூம்லயும் பெட்டி பின்சுவர்ல இருக்கு. இங்கன மட்டும் வாசல்ல இருந்திருக்கு."

"ஞாபகம் வச்சுக்கோ," என்றார் அவர்.

ஆபீஸுக்குள் நுழைந்ததுமே கத்தல். முதலாளி ஸ்ரீராம்குமாருக்கு முப்பத்தைந்து வயது. ஒரு காதில் பஞ்சு.

"யாரைக் கேட்டு உள்ள வந்தீக? என் கம்பெனியில நாலு பேரு செத்துக் கெடக்கான், வெளிய கொலைகாரக் கூட்டம் நிக்குது, இதுல துப்பறியுறீகளோ? வெளிய போங்க!"

மேஜைக்கு அப்பால் நின்றவன் சிரித்த முகமாக முன்னால் வந்தான். முதலாளியின் தங்கை மாப்பிள்ளை மணிகண்டராஜ். பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு வந்து இந்த இரட்டையை உருவாக்கியவன். இன்னும் நாற்பது ஆலைகளுக்கு இதைப் போட்டுக் கொடுக்கப் போகிறவன் என்று போன மாதம் பேப்பரில் படம் வந்திருந்தது.

"இருங்க மச்சான், கேட்கட்டும். மறைக்க என்ன இருக்கு? சார், வெள்ளிக்கிழமை நான் இங்க இல்லை. மதுரையில நாலு கம்பெனிக்காரங்களுக்கு இதைக் காமிச்சுக்கிட்டிருந்தேன். ஆனா இரட்டை இங்கதான் இருந்துச்சு. அதுகிட்டயே கேளுங்க."

மைக்கைப் பானுப்பிரியாவிடம் தள்ளினான். இவ்வளவு தாராளமாகக் கொடுக்கிறவனிடம் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. கத்துகிற முதலாளி மேல்தான் வந்தது. வாசகர்களே, உங்களுக்கும் அப்படித்தான் என்றால் வெட்கப்பட வேண்டாம்.

"வெள்ளிக்கிழமை ஆறாம் ரூம்ல என்ன நடந்தது?" என்று கேட்டாள்.

மேஜை ஸ்பீக்கரில் நிதானமான ஆண் குரல் வந்தது. செய்தி வாசிப்பது போன்ற தமிழ்.

"பதினொன்று நாற்பதுக்கு ஆறாம் ரூம் வெடித்தது. நான்கு பேர் இறந்தார்கள். தங்கப்பாண்டியன், செந்தூர்பாண்டி, செல்லச்சாமி, மாரீஸ்வரன்."

பானுப்பிரியா காசிராஜனைப் பார்த்தாள். "போர்மேன் வெளியில உயிரோட உதை வாங்கிக்கிட்டிருக்காரு. இது அவருக்குக் காரியமே பண்ணி முடிச்சிருச்சு!"

மணிகண்டராஜ் சிரித்தான். "பிதற்றுது மேடம். இந்த மாதிரி எந்திரம் சில நேரம் இல்லாததைச் சொல்லும். நான் கொடுத்த அறிக்கையைப் பாருங்க, அதுதான் சரி."

"மாரீஸ்வரன் எப்படிச் செத்தாரு? கேளு," என்றார் காசிராஜன்.

"இடது கையில் திருநீற்றுத் தட்டு இருந்தது. வலது கையால் செந்தூர்பாண்டியின் நெற்றியில் இட்டார். கதவோரம் முதலில் வெடித்தது. மாரீஸ்வரனின் உடல் வாசலுக்கு வெளியே பதினெட்டு அடி தள்ளி விழுந்தது. தலை உடலோடு இல்லை."

ஸ்ரீராம்குமார் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். அருள்பாண்டியின் உடல் அப்படித்தான் கிடந்தது. அதை அள்ளிய நான்கு பேரில் அவரும் ஒருவர்.

காசிராஜன் திரும்பவும் கேட்கச் சொன்னார். முன்னிருந்து ஒரு தடவை, பின்னிருந்து ஒரு தடவை, நடுவில் பொய்யாக ஒரு பெயரைச் சொருகி ஒரு தடவை. மூன்று முறையும் அதே தட்டு, அதே வாசல், அதே பதினெட்டு அடி.

"தம்பி," என்றார் மணிகண்டராஜிடம். "தீயில தப்பிச்சவுக எத்தனையோ பேருகிட்ட வாக்குமூலம் வாங்கியிருக்கேன். பிதற்றுறவன் ஒவ்வொரு தடவையும் வேற வேறயாப் பிதற்றுவான். இது பிதற்றல. எதையோ ஞாபகம் வச்சுப் பேசுது."

"நடக்காத ஒண்ண எப்படி சார் ஞாபகம் வச்சுக்கும்?"

"அதத்தான் கேட்கப் போறேன். பானு, அந்த 'எல்லா ரூமும்'னு எழுதியிருக்க சுவிட்சைப் போடு. வெளிய குழாய்ல கேக்கட்டும்."

"அது வேணாம் சார்..." மணிகண்டராஜ் எட்டிக் கையை நீட்டினான். அவள் அதற்கு முன்பே தட்டிவிட்டாள். ஆலை முழுக்கக் கம்பங்களில் குழாய்கள் கரகரத்தன. மணி பதினொன்று முப்பத்து நான்கு.

காசிராஜன் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"சின்ன மொதலாளி, ஆறாம் ரூம் எத்தனை தடவை வெடிச்சது?"

"பதினேழு தடவை."

வெளியே குழியருகே கேட்டுக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்றது.

"வரிசையாச் சொல்லு."

"முதல் தடவை, மருந்து ஐந்து கிலோ, பின்சுவரில் இருந்த பெட்டியில் பதினொன்று நாற்பதுக்குத் தீப்பொறி. மூவர் இறந்தார்கள். மாரீஸ்வரன் காலை இழந்து பிழைத்தார். இரண்டாம் தடவை, மருந்து எட்டு கிலோ. மூவர் இறந்தார்கள். மாரீஸ்வரன் பிழைத்தார். மூன்றாம் தடவை, ஜன்னல்கள் மூடப்பட்டிருந்தன. மூவர் இறந்தார்கள். மாரீஸ்வரன் இரண்டு மணி நேரம் கழித்து ஆஸ்பத்திரியில் இறந்தார். பேசும் நிலையில் இருந்தார்..."

அது நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனது. கை போனது, கண் போனது, வயிறு கிழிந்தது, ஒவ்வொரு தடவையும் அந்த மூன்று தொழிலாளிகளும் செத்தார்கள். பானுப்பிரியாவுக்கு இப்போது புரிந்துவிட்டது. யாரோ இதனிடம் உட்கார்ந்து, இப்படி வைத்தால் சாவானா, அப்படி வைத்தால் சாவானா என்று பதினாறு முறை கேட்டிருக்கிறார்கள்.

"ஒத்திகை பார்த்திருக்காக அண்ணாச்சி! கேட்ட பேச்சை அழிச்சுட்டாக. ஆனா இது சாயங்காலம் சாயங்காலம் தனக்குன்னு ஒரு நாள்குறிப்பு எழுதும். அத அழிக்க மறந்துட்டாக. இதுக்கு நடந்ததும் எழுத்துதான், நடந்தா எப்படி இருக்கும்னு கேட்டதும் எழுத்துதான். ரெண்டையும் ஒண்ணாச் சேத்து வச்சிருக்கு. வெள்ளிக்கிழமை நெசமா வெடிச்சப்போ, யாரு செத்தாகன்னு இதுகிட்ட யாரும் எழுதல. ஒத்திகையில செத்தவர் பேரையே போட்டுக்கிட்டிருக்கு."

"அப்ப கொலை செய்ய நெனச்சது மாரீஸ்வரனை," என்றார் காசிராஜன்.

அவர் வாய் மூடவில்லை, கதவு உடைந்தது. குழியிலிருந்து ஓடி வந்த கூட்டம் மேஜையைப் புரட்டித் தள்ளி முதலாளி மேல் பாய்ந்தது. "இவந்தாம்லே! இவன் கம்பெனி, இவன் கம்ப்யூட்டரு!" ஒருவன் கம்பால் வீசினான். ஸ்ரீராம்குமாரின் நெற்றி கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. இன்னொருவன் அவர் கழுத்தை மிதித்தான். பெத்தணன் அருவாளை ஓங்கிக்கொண்டு வந்தார்.

"பெத்தணன்! வெள்ளிக்கிழமை உங்க மவன்கூட அஞ்சு ரூமும் நடந்து வந்தவரு யாரு?" காசிராஜனின் குரல் தீயணைப்பு வண்டி மணி போல அடித்தது. "இவருதான்! காலையில எட்டு மணிக்கு உங்க மவன் கையால மொதத் திருநீறு வாங்கினதும் இவருதான். வேலை செய்யுறவுக சொன்னாக, அஞ்சாம் ரூம்ல யாரையோ திட்ட நின்னதால இருவது அடி பிந்திட்டாரு. அதான் காது போச்சு, உயிரு தப்பிச்சது. வெடிக்கும்னு தெரிஞ்சவன் அந்தப் பக்கம் காலெடுத்து வைப்பானா?"

கழுத்தை மிதித்த கால் நகர்ந்தது.

"மாரீஸ்வரனுக்குத் தீட்டு. தட்டு அருள்பாண்டி கையில இருக்கு. இது அன்னைக்குக் காலையில இங்கன இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். கொலைகாரனுக்கு மட்டும் தெரியாது. தெரிஞ்சிருந்தா நிறுத்தியிருப்பான், அவனுக்கு வேண்டிய ஆளு உள்ள இல்லையே. எட்டு வருச வழக்கத்தை இந்த எந்திரத்துல எழுதி வச்சான். ஒருத்தன் பங்காளி வீட்டுல புள்ள பெறந்தத யாரும் எந்திரத்துக்கு எழுதமாட்டாக. அன்னைக்குக் காலையில இங்க இல்லாதவன் யாரு?"

பானுப்பிரியா மைக்கைப் பொறுக்கினாள். "ஆறாம் ரூம்ல பெட்டியை வாசலுக்கு மாத்தினது எப்போ?"

"பன்னிரண்டாம் தடவையில், பெட்டியைக் கதவோரம் மாற்றினால் என்ன ஆகும் என்று கேட்கப்பட்டது. மாரீஸ்வரன் இறந்தார். பதினாறாம் தடவை வரை ஒவ்வொரு தடவையும் இறந்தார். வியாழக்கிழமை மாலை நான்கு பத்துக்குப் பெட்டி கதவோரம் மாற்றப்பட்டது. மாற்றியவர், மணிகண்..."

குரல் அறுந்தது. மணிகண்டராஜ் வயரைப் பிடுங்கியிருந்தான். அடுத்த நொடி அவன் கை பானுப்பிரியாவின் கழுத்தை வளைத்தது. காதுக்குக் கீழே ஒரு ஸ்க்ரூடிரைவரின் முனை குத்தி நின்றது. சூடாக ஏதோ வழிவதை அவள் உணர்ந்தாள். தன் ரத்தம்தான்.

"எல்லாரும் வெளிய போங்க. இவளைக் குத்திருவேன்!"

"குத்துறதுக்கு முந்தி பதினாறு தடவை ஒத்திகை பாத்துக்கிடு தம்பி," என்றாள் பானுப்பிரியா. "அவசரப்பட்டா தப்பாப் போயிரும்னு உனக்கே தெரியும்."

அவன் ஒரு கணம் தடுமாறினான். அவள் குதிகாலால் அவன் பாதத்தை மிதித்து நசுக்கினாள். சுவரோரம் இருந்த சிவப்பு வாளி கைக்குக் கிடைத்தது. தீயணைக்க வைத்த மணல். முகத்திலேயே கொட்டினாள். கண்ணைப் பொத்திக்கொண்டு அவன் குனிந்தபோது, காலியான வாளியை இரண்டு கையாலும் தூக்கி அவன் தாடையில் இறக்கினாள். பற்கள் நொறுங்கின. இன்னொரு முறையும் இறக்கினாள். அது தேவையே இல்லை. விலா முறிந்த சத்தம் அவள் காதை விட்டுப் போகவில்லை, அதனால் இறக்கினாள்.

தரையில் கிடந்தவன் மணலும் ரத்தமுமாகத் துப்பினான். "அவன் வாயத் தொறந்திருந்தா எல்லாம் போயிருக்கும்... போன வருஷம் அந்த ரெண்டு பேரும் என் இரட்டை சொன்னதாலதான் உள்ள போனாங்க... 'வேலை செய்யலாம்'னு அதுதான் சொல்லிச்சு... வெள்ளிக்கிழமை எச்சரிச்சதா வந்த அறிக்கை நான் எழுதினது... நாற்பது கம்பெனியும் கையை விட்டுப் போயிருக்கும்..."

"அந்த நாற்பது கம்பெனிக்காக நாலு பேரா?" ஸ்ரீராம்குமார் ரத்த முகத்தோடு தவழ்ந்து வந்து அவன் சட்டையைப் பிடித்தார். "எந் தங்கச்சிக்கு நான் என்னலே சொல்லுவேன்?"

அவரை விலக்கிவிட்டுப் பெத்தணன் அருவாளை ஓங்கினார். காசிராஜன் குறுக்கே கையைக் கொடுத்தார். அருவாளின் முனை அவர் முன்கையைச் சதையோடு கிழித்தது. அவர் கையை எடுக்கவில்லை.

"விடுங்க அண்ணாச்சி! எம் புள்ளையக் கொன்னவன்!"

"விடமாட்டேன். இப்ப வெட்டினா இவனுக்கு ஒரு சாவு. கோர்ட்டுல நின்னு, ஒவ்வொரு தடவையும் எப்படிக் கொன்னேன்னு இவன் வாயால சொல்லணும். பதினேழையும் சொல்லணும். அதுக்கு இவன் உயிரோட வேணும்."

பெத்தணன் பிடியை விட்டார், அருவாள் மணலில் விழுந்தது. சுவரில் மணி பதினொன்று நாற்பத்தொன்று.

கூட்டத்தில் இரண்டு பேர் மணிகண்டராஜைச் சணல் கயிற்றால் கட்டினார்கள். பானுப்பிரியா கழுத்தில் கைக்குட்டையை அழுத்தியபடி பிடுங்கிய வயரைத் திரும்பச் சொருகினாள். சாட்சி செத்துவிடக் கூடாதே என்ற கவலை அவளுக்கு. குழாய்கள் மறுபடி கரகரத்தன.

பெத்தணன் போகாமல் மைக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் கேட்டாலும் இது பதில் சொல்லுமா தாயி?"

வேண்டாம் என்று சொல்லத்தான் அவள் நினைத்தாள். ஆனாலும் மைக்கை அவர் பக்கம் திருப்பினாள்.

"எம் மவன் அருள்பாண்டி எங்க இருக்கான்?"

"அருள்பாண்டி உயிரோடு இருக்கிறார்," என்றது அந்த நிதானக் குரல், ஆலை முழுக்க. "வெள்ளிக்கிழமை மதியத்திலிருந்து வேலைக்கு வரவில்லை. காரணம் தெரிவிக்கப்படவில்லை. எப்போது வருவார் என்று அவர் வீட்டில் கேட்டுச் சொல்ல முடியுமா?"

பெத்தணன் மைக்கை நோக்கிக் குனிந்தார்.

"நாந்தாம்யா அவன் வீடு," என்றார் மைக்கிடம். "வரமாட்டான். எழுதிக்கிடு."

"சரி. எழுதிக்கொண்டேன்."

அவர் வெளியே நடந்தார். குழியருகில் மாரீஸ்வரன் பக்கவாட்டில் சரிந்து கிடந்தார். மூச்சு இரைத்தது, ஆனால் இருந்தது. பெத்தணன் குழிக்குள் இறங்கினார். கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, காலையில் தான் வெட்டிய இடத்தில் தானே அழுத்திக் கட்டினார்.

"மாமா," என்றார் மாரீஸ்வரன், ஒற்றைக் கண்ணைத் திறந்து.

"பேசாதப்பா," என்று சொல்லிவிட்டு, பெத்தணன் அவரைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்.